ஆர்சி கிராலர் சாய்ந்தால், துள்ளினால், கவிழ்ந்தால்: லிங்க்கையும் உயரத்தையும் சரிபார்க்கும் வழி

வண்டி ஒரு பக்கமாகச் சாய்கிறது என்று கிராலரை (பாறை ஏறும் ரிமோட் கார்) தூக்கிக்கொண்டு வருகிறவர்கள், பெரும்பாலும் இன்னொரு கையில் புது ஸ்பிரிங் பாக்கெட்டோடு வருவார்கள். பாக்கெட்டைப் பிரிக்காதீர்கள், பிரிக்காமல் இருந்தால் கடையில் திருப்பி எடுத்துக்கொள்வார்கள் என்பதுதான் நான் முதலில் சொல்வது. ஸ்பிரிங் செத்துப்போய் நான் பார்த்த வண்டிகள் மிகக் குறைவு. எங்கோ ஒரு லிங்க் (ஆக்சிலைச் சேஸியோடு இணைக்கும் கம்பி) பிடிக்கும், ராட் எண்ட் (லிங்க் முனையில் உருண்டை வைத்த இணைப்பு) கோணலாகத் திரும்பியிருக்கும், ஒயர் இடையில் சிக்கியிருக்கும். பழி மட்டும் ஸ்பிரிங் மேல் விழும்.

கீழே உள்ளது 1/10 அளவு வண்டிகளுக்கானது. முன்னும் பின்னும் முழு ஆக்சில், அதைச் சேஸியோடு பிடிக்க நான்கு லிங்க், அல்லது முன்பக்கம் மட்டும் மூன்று லிங்க்கும், ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் ஒரு பான்ஹார்ட் ராடும். ஆக்சியல் எஸ்சிஎக்ஸ்10, டிராக்ஸஸ் டிஆர்எக்ஸ்4 எல்லாம் இந்த வகைதான். 1/24 குட்டி வண்டிகளுக்கும் முறை இதுவே, ஆனால் இங்கே வரும் மில்லிமீட்டர் கணக்கு அவற்றுக்கு ஒத்துவராது.

## எந்தக் கோளாறானாலும் முதலில் செய்வது: ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுப் பார்ப்பது

தேவையானவை: 1.5, 2, 2.5 மி.மீ. அலன் கீ, ஒரு வெர்னியர், ஒரு மார்க்கர், சமமான ஒரு பரப்பு. தடித்த கண்ணாடித் துண்டு இருந்தால் நல்லது. சமையலறை கிரானைட் மேடையும் தேறும், வீட்டில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பேட்டரியை எடுத்துவிடுங்கள். நான்கு ஷாக்கிலிருந்தும் ஸ்பிரிங்கை மட்டும் கழற்றி, ஷாக்கைத் திரும்ப மாட்டுங்கள். இப்போது சேஸியைத் தூக்கினால் ஆக்சில் தன் எடையிலேயே மெதுவாகக் கீழே இறங்க வேண்டும். ஒரு சக்கரத்தை மேலே தள்ளினால் மறுசக்கரம் கீழே போக வேண்டும். நடுவில் எங்கும் நிற்கக் கூடாது, கையில் தடங்கல் தெரியக் கூடாது.

தடங்கல் தெரிகிறது என்றால்: ஷாக்கின் கீழ் முனைகளைக் கழற்றி மறுபடி ஆட்டுங்கள். இப்போது தாராளமாக ஆடினால் குற்றவாளி ஷாக். தண்டு வளைந்திருக்கும், அல்லது மாட்டும் ஸ்க்ரூவை அதிகம் முறுக்கியிருப்பீர்கள்.

இன்னும் பிடிக்கிறது என்றால்: லிங்க்குகளை ஒவ்வொன்றாக ஒரு முனையில் மட்டும் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் ஆக்சில் விடுபடுகிறதோ அதுதான் உங்கள் லிங்க். கழற்றிய லிங்க்கைக் கண்ணாடி மேல் உருட்டுங்கள். துள்ளித் துள்ளி உருண்டால் பெண்ட்.

லிங்க் நேராக இருந்தும் பிடித்தால், அதன் இரண்டு முனைகளிலும் உள்ள ராட் எண்டுகளை நீளவாக்கில் கண்ணருகே பிடித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். ஒன்று 10 மணியையும் மற்றது 12 மணியையும் காட்டிக்கொண்டிருந்தால், ஆக்சில் சாயும்போது ஒரு முனை தன்னை மாட்டியிருக்கும் காதில் முன்கூட்டியே இடித்து நின்றுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. நான் சரிசெய்த சாய்வுகளில் அதிகம் இந்த வகைதான், செலவும் கிடையாது.

பிளாஸ்டிக் ராட் எண்டில் உருண்டை இறுகிக் கிடந்தால், உருண்டை உள்ளே இருக்கும்போதே பிளையரால் வெளிப்பக்கத்தை லேசாக ஒரு அழுத்து அழுத்திவிட்டுத் திருப்பிப் பாருங்கள். லேசாக என்றால் லேசாகத்தான். பாறைத் தூள் ஏறியிருந்தால் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் காயவையுங்கள். எண்ணெய் விடாதீர்கள். எண்ணெயும் தூளும் சேர்ந்தால் அரைக்கும் பசை, ஒரு மாதத்தில் ராட் எண்டைத் தின்றுவிடும்.

இந்தச் சோதனையில் தேறிய பிறகுதான் மற்றதெல்லாம்.

## லிங்க்கைத் திருப்பும்போது நினைவில் வைக்க வேண்டிய கணக்கு

பெரும்பாலான லிங்க்குகளில் எம்3 மரை இருக்கும். அதன் மரை இடைவெளி 0.5 மி.மீ. ராட் எண்டை ஒரு முழுச்சுற்று திருப்பினால் லிங்க் அரை மில்லிமீட்டர் கூடும் அல்லது குறையும். அரைச்சுற்று என்றால் கால் மில்லிமீட்டர். எம்4 மரையென்றால் ஒரு சுற்றுக்கு 0.7 மி.மீ. திருப்புவதற்கு முன் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டு, சுற்றை எண்ணித் திருப்புங்கள். நீளத்தை எப்போதும் துளை மையத்திலிருந்து துளை மையம் வரை அளக்க வேண்டும். இடம் வலம் இரண்டும் 0.25 மி.மீ. வித்தியாசத்துக்குள் இருந்தால் போதும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை மாற்றிவிட்டு வண்டி சரியானால், எதனால் சரியானது என்று உங்களுக்கே தெரியாது.

## அறிகுறி 1: சும்மா நிற்கும்போதே ஒரு பக்கம் சாய்கிறது

பேட்டரியும் பாடியும் மாட்டிய நிலையில், வண்டியை நான்கைந்து முறை அமுக்கிவிட்டு, கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டி நிறுத்துங்கள். ஸ்கிட் பிளேட்டின் (வண்டியின் அடித்தகடு) இரு ஓரத்திலிருந்தும் தரைக்கு அளவெடுங்கள். 1 மி.மீ. வித்தியாசத்துக்கெல்லாம் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். 3 மி.மீ. தாண்டினால் தேடலாம்.

பேட்டரியை எடுத்தால் சாய்வு போகிறதா? போனால் அது எடை விவகாரம். பேட்டரியை நடுவுக்கு நகர்த்துங்கள், முடியாவிட்டால் அந்தப் பக்கத்து ஷாக் காலரை (ஸ்பிரிங்கை மேலிருந்து அமுக்கும் வளையம்) ஒன்றிரண்டு சுற்று இறக்கி இறுக்குங்கள். காலருக்குப் பதில் கிளிப் வகையென்றால், இரண்டு பக்கமும் ஒரே தடிமன் கிளிப்தானா என்று பாருங்கள். கழுவிவிட்டு மாட்டும்போது மாறிப்போயிருக்கும்.

போகவில்லையா? இடது ஷாக்கையும் வலது ஷாக்கையும் இடம் மாற்றுங்கள். சாய்வும் கூடவே மறுபக்கம் போனால் ஷாக்தான். ஸ்பிரிங் நீளத்தை அளந்து ஒப்பிடுங்கள், எண்ணெய் கசிந்திருக்கிறதா பாருங்கள். எண்ணெய் குறைவது நேரடியாக உயரத்தைக் குறைக்காது. ஆனால் ஒன்றில் அதிகமாக நிரப்பியிருந்தால் உள்ளே அடைபட்ட அழுத்தம் தண்டை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும், அந்தப் பக்கம் தூக்கி நிற்கும்.

ஷாக் மாற்றியும் அதே பக்கம்தானா? ஒயர்களைப் பாருங்கள். இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. என் சொந்த வண்டியில் இடப்பக்கச் சாய்வை மூன்று ஞாயிறு துரத்தினேன். ஷாக்கைப் பிரித்தேன், எண்ணெய் மாற்றினேன், லிங்க்குகளை அளந்தேன். கடைசியில் பார்த்தால், சர்வோ (ஸ்டீயரிங்கைத் திருப்பும் மோட்டார்) ஒயரைக் கட்டிய டையின் வெட்டாத வால், மேல் லிங்க்குக்கும் சேஸிக்கும் நடுவில் மடங்கிக் கிடந்தது. இரண்டு மில்லிமீட்டர் அகல பிளாஸ்டிக். அதை நறுக்கியதும் வண்டி டக்கென்று நிமிர்ந்து உட்கார்ந்தது.

ஒயரும் இல்லையா? ஷாக்குகளைக் கழற்றி, சேஸி தண்டவாளங்களைக் கண்ணாடி மேல் வையுங்கள். நான்கு மூலையில் ஒன்று ஆடினால் சேஸி முறுக்கியிருக்கிறது. குறுக்குச் சட்டங்களின் ஸ்க்ரூ எல்லாவற்றையும் அரைச்சுற்று தளர்த்தி, கண்ணாடி மேல் அமுக்கிப் பிடித்தபடியே மறுபடி இறுக்குங்கள். இதிலும் நிமிராவிட்டால் தண்டவாளமே வளைந்திருக்கிறது. கையால் நிமிர்த்திச் சமமாக்க முடியும் என்று நான் நம்பவில்லை. தண்டவாளத்தை ஜோடியாக மாற்றிவிடுவதே நல்லது.

## அறிகுறி 2: அமுக்கினால் முழுதாக எழுவதில்லை, ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு உயரம்

மேலே சொன்ன ஸ்பிரிங் இல்லாச் சோதனையைச் செய்யாமல் இங்கே வந்திருந்தால், திரும்பிப் போய்ச் செய்துவிட்டு வாருங்கள். பத்தில் எட்டு முறை அங்கேயே முடிந்துவிடும்.

அது தேறியும் இப்படி இருந்தால், ஷாக் தண்டைத் தனியாக உள்ளே வெளியே இழுத்துப் பாருங்கள். மணல் உரசுவதுபோல் இருந்தால் தண்டில் கீறல் விழுந்திருக்கும், கீறிய தண்டு ஓ-ரிங்கையும் கிழிக்கும். இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். ஷாக்கின் மேல், கீழ் முனை கெட்டியாக இறுகியிருந்தாலும் இதே அறிகுறிதான். மாட்டிய நிலையில் ஷாக்கை விரலால் இடவலமாக அசைத்தால் கொஞ்சம் அசைய வேண்டும்.

## அறிகுறி 3: உயரம் எவ்வளவு வைப்பது என்றே பிடிபடவில்லை

இது கோளாறு இல்லைதான், ஆனால் பாதிக் கோளாறுகள் இங்கிருந்துதான் கிளம்புகின்றன. கடையிலிருந்து வரும் வண்டிகள் பார்வைக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று உயர்த்தி வைக்கப்பட்டிருக்கும். பாறையில் அந்த எடுப்பு உதவாது.

நான் தொடங்கும் இடம்: வண்டி முழு எடையோடு நிற்கும்போது ஷாக் தண்டில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே போயிருக்க வேண்டும். தண்டின் மொத்த ஓட்டம் 30 மி.மீ. என்றால் 10 மி.மீ. அப்போதுதான் குழியில் இறங்கும் சக்கரத்துக்குக் கீழே போக இடம் இருக்கும். பழகிய பிறகு பாதிவரை இறக்கிப் பாருங்கள்.

இறக்கிய பின் ஒரு சாண் உயரத்திலிருந்து வண்டியைத் தட்டையாகக் கீழே விடுங்கள். ஒரே அமுங்கலில் உட்கார்ந்தால் சரி. துள்ளிக்கொண்டே இருந்தால் எண்ணெய் மெலிது. 30 வெயிட் சிலிக்கான் எண்ணெயிலிருந்து 5 வெயிட் கூட்டிப் பாருங்கள். ஸ்கிட் பிளேட் தரையில் அறைந்தால் ஸ்பிரிங் ரொம்ப மெத்தென்று இருக்கிறது அல்லது இறக்கியது அதிகம்.

காலரைக் கீழ்வரை இறுக்கியும் உயரம் போதவில்லை என்றால் மட்டும்தான் அந்த ஸ்பிரிங் பாக்கெட்டைப் பிரிக்கலாம்.

## அறிகுறி 4: ஏற்றத்தில் முன்பக்கம் தூக்கி மல்லாந்து விழுகிறது

காசில்லாச் சோதனை: சமதளத்தில் நிற்கும்போது முன் ஆக்சிலுக்கும் சேஸிக்கும் நடுவில், இரண்டு பக்கமும், ஒரு ஒயர் டை கட்டுங்கள். சேஸி முன்பக்கம் அதற்கு மேல் எழ முடியாதபடி, விரல் நுழையும் தளர்வு மட்டும் விட்டுக் கட்டுங்கள். இப்போது அதே ஏற்றத்தை ஏற்றுங்கள்.

டை கட்டியதும் ஏறிவிட்டது: ஏறும்போது முன் ஷாக் முழுக்க விரிந்து, மூக்கைத் தூக்கிக் கொடுத்திருக்கிறது. ஷாக்கைப் பிரித்து, உள்ளே பிஸ்டனுக்குக் கீழே தண்டில் ஒரு சின்ன குழாய்த் துண்டு போட்டால் விரியும் தூரம் குறையும். ஜெல் பேனா ரீஃபில் காலியானது இருந்தால், ஸ்பிரிட் விட்டு மை போகக் கழுவி 5 மி.மீ. நறுக்கிப் போடுங்கள், 3 மி.மீ. தண்டுக்குத் தாராளமாக நுழையும். இரண்டு ஷாக்கிலும் ஒரே நீளம். வெர்னியரில் அளந்து வெட்டுங்கள், கண்ணளவு வேண்டாம். வேறு நீளத்தில் போட்டுவிட்டு அறிகுறி 1-க்குத் திரும்பி வந்தவர்கள் உண்டு.

டை கட்டியும் கவிழ்கிறது: எடை பின்னால் இருக்கிறது அல்லது உயரமாக இருக்கிறது. பேட்டரியை முன் ஆக்சிலுக்கு நெருக்கமாகக் கொண்டுவாருங்கள். உயரத்தை இரண்டு சுற்று இறக்குங்கள். பாடிக்கு மேல் சாமான் கூடை, விளக்கு, குட்டிப் பெட்ரோல் கேன் எல்லாம் அழகுக்கு அடுக்கியிருந்தால் ஒரு நாளைக்கு எடுத்துவைத்துவிட்டு ஓட்டுங்கள்.

இவ்வளவும் செய்தாயிற்று: கடைசியாகத்தான் செலவு. முன் ஆக்சில் முனைகளில் பித்தளை நக்கிள் (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பாகம்) போடலாம். பாரம் சக்கர மையத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் ஷாக்கைத் தொந்தரவு செய்யாது. ஆனால் ஸ்டீயரிங் சர்வோ மெலிதாக இருந்தால் அது திணற ஆரம்பிக்கும், அப்புறம் அதற்கும் செலவு.

## அறிகுறி 5: ஏற்றத்தில் பின்பக்கம் துள்ளுகிறது

கூர்ந்து பாருங்கள். த்ராட்டில் கொடுத்தவுடன் சேஸியின் பின்பக்கம் எழுகிறதா, அமுங்குகிறதா?

எழுந்து, பிடி விட்டு, விழுந்து, மறுபடி எழுகிறது: பின் லிங்க்குகளின் கோணம்தான். பக்கவாட்டில் பார்த்தால் மேல் லிங்க்கும் கீழ் லிங்க்கும் முன்னோக்கிப் போகப் போக நெருங்கும். அதிகமாக நெருங்கினால் சக்கரம் தள்ளும் விசை சேஸியைத் தூக்கிவிடும். மேல் லிங்க்கின் சேஸி முனைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட துளை இருந்தால், ஒரு துளை மேலே மாற்றுங்கள், இரண்டும் இணையாகப் போகத் தொடங்கும். துளை மாற்றியதும் பினியன் (டிரைவ் ஷாஃப்ட் ஆக்சிலுக்குள் நுழையும் மூக்கு) கோணமும் கொஞ்சம் மாறும். அறிகுறி 7-ஐயும் பார்த்துவிடுங்கள்.

அமுங்கி உட்கார்ந்துகொள்கிறது: அதே வேலையைத் தலைகீழாக, ஒரு துளை கீழே.

இரண்டும் இல்லை, சக்கரம் மட்டும் படபடக்கிறது: ராட் எண்டில் ஆட்டம். சேஸியைப் பிடித்துக்கொண்டு ஆக்சிலை முன்னும் பின்னுமாக முறுக்கிப் பாருங்கள். டிக் டிக் என்று கையில் தெரிந்தால் தேய்ந்த ராட் எண்டை மாற்ற வேண்டியதுதான். ஒரு லிங்க்கில் ஒன்றை மட்டும் மாற்றாமல் இரண்டு முனையையும் மாற்றுங்கள்.

## அறிகுறி 6: நிற்கும்போது நேர், த்ராட்டில் கொடுத்தால் சாய்வு

ரிவர்ஸ் கொடுத்தால் எதிர்ப்பக்கம் சாய்கிறதா? அப்படியானால் இது பழுதே இல்லை. டிரைவ் ஷாஃப்ட் ஆக்சிலைச் சுழற்றப் பார்க்கும்போது சேஸி எதிர்த்து முறுக்கிக்கொள்கிறது. முழு ஆக்சில் வண்டிகள் எல்லாவற்றுக்கும் இது கொஞ்சம் உண்டு, மெத்தையான ஸ்பிரிங்கில் அதிகம் தெரியும்.

செய்யக்கூடியது: உயரத்தை இறக்குவது, பின் ஸ்பிரிங்கை ஒரு படி கெட்டியாக்குவது. ஒரு பக்கக் காலரை மட்டும் இறுக்கி ஈடுகட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது, நிற்கும்போது வண்டி ஏதோ சுளுக்குப் பிடித்ததுபோல் தெரியும். கெட்டி எண்ணெய் சாய்வைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது. போர்ட்டல் ஆக்சிலில் கியர் குறைப்பின் ஒரு பகுதி சக்கரத்துக்குப் பக்கத்திலேயே நடப்பதால் ஷாஃப்ட்டில் வரும் முறுக்கு குறைவு, சாய்வும் குறைவு. டிஆர்எக்ஸ்4 அப்படி வருவது. இருக்கும் வண்டியில் அதை மாற்றுவது பெரிய செலவு, இந்த ஒரு காரணத்துக்காக நான் சொல்ல மாட்டேன்.

## அறிகுறி 7: டிரைவ் ஷாஃப்ட் டொக் டொக்கென்று தட்டுகிறது, கழன்று விழுகிறது

முதலில்: ஷாஃப்ட்டின் கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத சின்ன ஸ்க்ரூ). 1.5 மி.மீ. கீயால் கழற்றி, துடைத்து, நீல நிற திரெட் லாக் ஒரு துளி விட்டு மாட்டுங்கள். உலோகத்தில் உலோகம் என்றால் மட்டும் இந்த மருந்து. பிளாஸ்டிக்கில் பட்டால் சிலவகை வெடித்துவிடும்.

அடுத்தது நீளம்: ஆக்சிலை முழுக்கத் தொங்கவிட்டால் உள்குழாய் குறைந்தது 10 மி.மீ. உள்ளே இருக்க வேண்டும். முழுக்க அமுக்கினால் முட்டக் கூடாது. முட்டினால் அடி நேராக கியர்பாக்ஸுக்குப் போகும். நீளமான லிங்க்கோ ஷாக்கோ மாற்றியவர்களுக்கு இது வரும். ஷாஃப்ட்டின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள், ஒரு பல் தள்ளி மாட்டினால் அதிர்ந்துகொண்டே ஓடும்.

அப்புறம் கோணம்: பின் ஆக்சிலில் மேல் லிங்க்கை நீட்டினால் பினியன் மூக்கு மேலே நிமிரும், சுருக்கினால் குனியும். முன் ஆக்சிலிலும் மேல் லிங்க்கை நீட்டினால் பினியன் நிமிரும், ஆனால் அங்கே ஒரு விலை உண்டு. காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறையும், ஸ்டீயரிங் தானாக நேருக்கு வருவது போய்விடும். முன்பக்கத்தில் இரண்டிரண்டு சுற்றாக மட்டும் மாற்றி, ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பாருங்கள். ஷாஃப்ட் நேராக இருக்கிறது என்ற திருப்திக்காகக் காஸ்டரை விட்டுக்கொடுக்காதீர்கள்.

தட்டும் சத்தம் ஆக்சிலுக்குள்ளிருந்து வந்தால் இது லிங்க் வேலை இல்லை. ஓட்டுவதை நிறுத்துங்கள். பல் உடைந்த கியரோடு ஓட்டிய ஒவ்வொரு நிமிடமும் இன்னொரு கியரைக் கேட்கும். ஷிம் (இடைவெளி நிரப்பும் மெல்லிய வளையம்) போட்டுப் பழக்கமில்லை என்றால் ஹாபி கடையில் வேலை தெரிந்தவரிடம் ஆக்சிலை மட்டும் கழற்றிக் கொடுங்கள்.

## அறிகுறி 8: நேராகப் போகவில்லை, டயர் உரசுகிறது

வண்டி நண்டுபோல் ஒருக்களித்துப் போகிறது: இடப்பக்கம் முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை அளங்கள், வலப்பக்கமும் அளங்கள். வேறுபட்டால் கீழ் லிங்க்குகளில் ஒன்று நீளம். இந்த அளவு எஸ்சிஎக்ஸ்10 இரண்டாம் தலைமுறையின் ஜீப் வகைக்கு 313 மி.மீ., டிஆர்எக்ஸ்4 டிஃபெண்டருக்கு 324 மி.மீ. உங்கள் பாடி எதற்கு வெட்டப்பட்டதோ அந்த அளவுக்கு லிங்க் இல்லாவிட்டால் டயர் சக்கர வளைவில் உரசும்.

உயரம் இறக்கிய பிறகு முன் ஆக்சில் ஒரு பக்கம் தள்ளி நிற்கிறது: பான்ஹார்ட் ராடு இருக்கும் வண்டியில் இது இயல்பு. சேஸி இறங்க இறங்க ராடு படுக்கும், படுக்கும்போது ஆக்சிலைத் தன் ஆக்சில் முனைப் பக்கமாகத் தள்ளும். ராடை இரண்டு மூன்று சுற்று சுருக்கினால் நடுவுக்கு வந்துவிடும்.

அமுக்கினால் சக்கரம் தானாகத் திரும்புகிறது: சர்வோ சேஸியில் இருக்கும் வண்டிகளில் மட்டும். டிராக் லிங்க்கும் (சர்வோவிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி) பான்ஹார்ட் ராடும் முன்னாலிருந்து பார்க்கையில் இணையாகவும், கிட்டத்தட்ட ஒரே நீளமாகவும் இருக்க வேண்டும். டிராக் லிங்க் முனையில் ஒரு வாஷர் கூட்டியோ குறைத்தோ இணையாக்குங்கள்.

எல்லா அளவும் சரி, இருந்தும் ஒரு சக்கரம் உள்ளே சாய்ந்து நிற்கிறது: ஆக்சில் கூடு வளைந்திருக்கும். கண்ணாடி மேல் வைத்தால் தெரிந்துவிடும். இதைச் சூடாக்கி நிமிர்த்துகிற வேலை வேண்டாம், மாற்றுங்கள்.

லிங்க்கின் மரை கழன்றுபோயிருந்தால் பசை விட்டு ஒப்பேற்றாமல் லேத் பட்டறைக்குப் போங்கள். 6 மி.மீ. ஸ்டெயின்லெஸ் கம்பி, இரு முனையிலும் 2.5 மி.மீ. துளை, எம்3 மரை 12 மி.மீ. ஆழம் என்று எழுதிக் கொடுத்தால் போதும். கம்பி நீளத்தை மட்டும் நன்றாகச் சொல்லுங்கள். துளை மையத்துக்குத் துளை மையம் என்ற அளவு அங்கே எடுபடாது, ராட் எண்டுகள் போக வெறும் கம்பி எவ்வளவு என்பதே வேண்டும். மறுபக்கத்து நல்ல லிங்க்கைக் கழற்றி மாதிரிக்குக் கொண்டுபோங்கள், கூடவே ஒரு ராட் எண்டும் அதன் ஸ்க்ரூவும். அங்கேயே ஏற்றிப் பார்த்துவிட்டு வாங்கிவரலாம்.